ஜப்பானில் போலீஸ் நிறுத்திக் கேட்டால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணவரின் வேலைக்காகக் கவாசாகிக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. போன வாரம் இரவு அவர் சைக்கிளில் வீடு திரும்பும்போது இரண்டு காவலர்கள் நிறுத்தினார்கள். ரெசிடென்ஸ் கார்டு (நீண்ட நாள் தங்கும் வெளிநாட்டவருக்கு அரசு தரும் அடையாள அட்டை) வீட்டில் இருந்தது. போனில் இருந்த படத்தைக் காட்டியிருக்கிறார், அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வீடுவரை கூடவே வந்து கார்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நடுவில் பையையும் திறக்கச் சொன்னார்களாம். பயந்துபோய்க் காட்டிவிட்டார். தொலைந்துவிடுமே என்றுதான் கார்டை வீட்டில் வைக்கிறோம். நகல் போதாதா? பையைக் காட்ட மாட்டேன் என்று சொல்ல உரிமை உண்டா? அடுத்த மாதம் என் அம்மா மூன்று மாதம் தங்க வருகிறார். மகளுக்கு 15 வயது. இவர்கள் என்ன வைத்திருக்க வேண்டும்?

க., கவாசாகி

அன்புள்ள க.,

நகல் போதாது. போனில் உள்ள படமும் போதாது. ஓட்டுநர் உரிமமோ அலுவலக அட்டையோ காட்டினாலும் செல்லாது. ஜப்பானின் குடிவரவுச் சட்டம் 23ஆம் பிரிவு, ரெசிடென்ஸ் கார்டு பெற்றவர் அந்தக் கார்டையே எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்கிறது. வைத்திருக்காவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம். கையில் வைத்துக்கொண்டே காட்ட மறுத்தால் ஓராண்டு வரை சிறையும் உண்டு. உங்கள் கணவரைக் காவலர்கள் வீடுவரை வந்து பார்த்துவிட்டு விட்டது அவர்கள் காட்டிய நிதானம். அடுத்த முறையும் அப்படியே நடக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். கார்டு கையில் இருந்தால் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலையத் தேவையில்லை, அதை வீட்டில் பூட்டி வையுங்கள்.

தொலைந்துவிடும் என்ற பயத்துக்காகக் கார்டை வீட்டில் வைப்பது கணக்கு தவறிய முன்ஜாக்கிரதை. தொலைந்தால் செய்ய வேண்டியது எளிது. பக்கத்துக் கோபானில் (தெருமுனைக் காவல் சாவடி) தொலைந்ததாகப் பதிவு செய்து, அவர்கள் தரும் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தொலைந்தது தெரிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் பாஸ்போர்ட், 4 செ.மீ. × 3 செ.மீ. புகைப்படம், அந்தப் பதிவு எண் ஆகியவற்றோடு உங்கள் பகுதிக் குடிவரவு அலுவலகத்துக்குப் போனால் புதுக் கார்டு தருவார்கள். இதற்குக் கட்டணம் இல்லை. இரண்டு பக்க நகலை வீட்டில் வைத்திருங்கள். நகலின் உபயோகம் இந்த இடத்தில்தான்.

கார்டை அலுவலகம் ‘பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்’ என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். உடன் வைத்திருக்கும் கடமை உங்களுடையது, அபராதமும் உங்களுக்கே.

காவலர் கார்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். புதிதாக வந்தவர்கள் பதிந்த முகவரியும், பிறகு மாறிய முகவரியும் அங்கேதான் இருக்கும். வீடு மாறினால் 14 நாளுக்குள் நகராட்சி அல்லது வார்டு அலுவலகத்துக்குக் கார்டை எடுத்துப்போய்ப் புது முகவரியைப் பதிய வேண்டும். பழைய முகவரி இருந்தால் கேள்விகள் நீளும். விசாவைப் புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கும் காலமும் சிக்கலானது. காலாவதித் தேதிக்கு முன் விண்ணப்பித்து முடிவு வராமல் இருந்தால், முடிவு வரும்வரை அல்லது அந்தத் தேதியிலிருந்து இரண்டு மாதம்வரை, எது முந்தியதோ அதுவரை தங்கலாம். நேரில் விண்ணப்பித்தவர் கார்டின் பின்பக்கத்தில் அதற்கான முத்திரை இருக்கும். இணையவழி விண்ணப்பித்தவருக்கு முத்திரை கிடையாது; கார்டின் முன்பக்கத்தில் காலாவதித் தேதி கடந்திருப்பது மட்டுமே கண்ணில் படும். விண்ணப்பம் ஏற்கப்பட்ட மின்னஞ்சலை அச்செடுத்துக் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேதி விஷயத்தில் நான் கெடுபிடியாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2020 ஆகஸ்டில் ஓர் இலங்கைப் பெண் தன் துணைவர் கொடுமை செய்கிறார் என்று தானே காவல் நிலையத்துக்குப் போனார். விசா முடிந்திருந்ததால் கைதானார். 2021 மார்ச்சில் நாகோயாவின் குடிவரவுத் தடுப்பு இடத்திலேயே இறந்துபோனார். உதவி கேட்டுப் போகிற இடத்திலும் முதலில் பார்க்கப்படுவது தேதிதான்.

அம்மா சுற்றுலாவாக வருவதால் அவருக்கு ரெசிடென்ஸ் கார்டு கிடையாது. பாஸ்போர்ட் அசலே உடன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு லட்சம் யென் வரை அபராதம். காலையில் பூங்காவுக்கு நடக்கப் போனாலும், கீழே கடைக்குப் பால் வாங்கப் போனாலும் இதுதான் விதி. கழுத்தில் மாட்டி உடைக்குள் வைக்கும் மெல்லிய துணிப்பை வாங்கிக் கொடுங்கள். அதில் உங்கள் முகவரியையும் போன் எண்ணையும் ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டு ஒன்றையும் போடுங்கள். இன்னொன்று: ‘மூன்று மாதம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் கிடைப்பது 90 நாளாக இருக்கும், அது மூன்று மாதம் அல்ல. பாஸ்போர்ட்டில் விமான நிலையத்தில் ஒட்டும் சீட்டில் அச்சான தேதியைப் பார்த்த பிறகே திரும்பும் பயணத்தை உறுதி செய்யுங்கள். ஒரு நாள் தாண்டினாலும் சட்டவிரோதத் தங்கல்.

மகளுக்கு இப்போது கார்டை உடன் வைத்திருக்கும் கடமை இல்லை. 16ஆவது பிறந்தநாளிலிருந்து உண்டு. அவள் கார்டின் காலாவதித் தேதியை இன்றே பார்த்துக் குறித்துவையுங்கள்.

இனிப் பை. நிறுத்தப்படும் அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்கின்றன, எது எதன் கீழ் கேட்கப்படுகிறது என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம். கார்டைக் காட்டு என்பது குடிவரவுச் சட்டம், அது கட்டாயம். எங்கே போகிறாய், என்ன வேலை, பையில் என்ன என்பதெல்லாம் ‘ஷொகுமு ஷிட்சுமோன்’ எனப்படும் விசாரணை. அது காவலர் பணிச் சட்டம் 2ஆம் பிரிவில் வருகிறது. பதில் சொல்ல வற்புறுத்தக் கூடாது, விருப்பத்துக்கு மாறாகக் கோபானுக்கு இழுத்துப் போகக் கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஆகவே கார்டை உடனே காட்டிவிட்டு, பைக்கு மட்டும் “நின்-இ தெஸ் கா?” என்று கேட்கலாம். ‘இது என் விருப்பத்தைப் பொறுத்ததா?’ என்று பொருள். ஆம் என்றால் மறுக்கலாம்.

மறுப்பதற்கும் எல்லை உண்டு. 1978இல் ஜப்பான் உச்ச நீதிமன்றம், வங்கிக் கொள்ளைச் சந்தேகம் வலுவாக இருந்த ஒரு வழக்கில், சம்மதமில்லாமல் காவலர் பையின் ஜிப்பைத் திறந்ததைச் சரி என்றது. மறுபுறம், 1994இல் ஒருவரை ஆறரை மணி நேரத்துக்கும் மேலாக அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தது வரம்பு மீறல் என்றது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது நடைமுறை. மறுத்தால் இன்னும் இரண்டு காவலர்கள் வருவார்கள், வற்புறுத்தல் நீளும். பையில் மறைக்க ஏதுமில்லை, குழந்தை காத்திருக்கிறது என்றால் காட்டிவிட்டுப் போவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. காட்டாமல் நிற்பதும் உங்கள் உரிமை. எதைத் தேர்ந்தாலும் காவலரின் கையைத் தட்டிவிடவோ தள்ளவோ கூடாது. அது பணியைத் தடுத்த குற்றமாகி 3 ஆண்டு வரை சிறைக்குப் போகும். பையில் 6 செ.மீ.க்கு மேல் நீளமான அலகுள்ள கத்தியைத் தக்க காரணமின்றி வைத்திருப்பதும் குற்றம். சமையலறைக் கத்தி வாங்கினால் கடை உறையைப் பிரிக்காமல், ரசீதோடு நேராக வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

சாதாரண உடையில் வந்து காவலர் என்பவரிடம் அடையாளம் கேளுங்கள். “கேய்சாட்சு தெச்சோ” (காவலர் கைப்புத்தகம்) என்றால் போதும். கேட்டால் படமும் சின்னமும் உள்ள அந்தக் கைப்புத்தகத்தைக் காட்ட வேண்டியது அவர்கள் விதி. சந்தேகம் தீராவிட்டால் 110ஐ அழையுங்கள்.

ஜப்பானியக் குடிமக்களுக்கு அடையாள அட்டையை உடன் வைத்திருக்கும் கடமை கிடையாது. தோற்றத்தைப் பார்த்தே திரும்பத் திரும்ப நிறுத்துகிறார்கள் என்று வெளிநாட்டுப் பின்புலம் கொண்ட மூவர் 2024 ஜனவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். உங்கள் கணவருக்கு வந்த அவமான உணர்வு நியாயமானது. அதை அந்தத் தெருவில் வைத்துத் தீர்க்க முடியாது, அவ்வளவுதான்.

கைது வரை போனால் கணக்கு இது: 48 மணி நேரத்துக்குள் அரசு வழக்கறிஞரிடம் அனுப்ப வேண்டும், அவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நீட்டிப்புக் கேட்பார், பிறகு 10 நாள், மேலும் 10 நாள். குற்றம் சாட்டாமலேயே 23 நாள் உள்ளே இருக்க நேரலாம். “தோபான் பெங்கோஷி” என்று கேட்டால் ஒரு வழக்கறிஞர் வருவார், முதல் சந்திப்பு இலவசம். பேசாமல் இருக்க உரிமை உண்டு. ஜப்பானிய மொழியில் எழுதிய வாக்குமூலத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து போடாதீர்கள். திருத்தச் சொல்லலாம், மறுக்கவும் செய்யலாம். இந்தியர்தானே என்று இந்தி மொழிபெயர்ப்பாளரை அழைத்துவந்தால், “தமிருகோ” என்று தெளிவாகச் சொல்லுங்கள். அரைகுறையாய்ப் புரிந்த மொழியில் சொன்ன பதில் நீதிமன்றம்வரை கூடவே வரும். தூதரகத்துக்குத் தகவல் போவதும் நீங்கள் கேட்டால்தான். 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் அந்த உரிமையைத் தருகிறது, கேட்கும் வேலை உங்களுடையது.

கடைசியாக அந்தச் சைக்கிள். இரவில் சைக்கிளை நிறுத்துவது பெரும்பாலும் திருட்டுச் சைக்கிளா என்று பார்க்கத்தான். சட்டகத்தில் ஒட்டியிருக்கும் ‘போஹான் தோரோகு’ (திருட்டுத் தடுப்புப் பதிவு) எண்ணை ரேடியோவில் சொல்லிப் பெயரைச் சரிபார்ப்பார்கள். ஊருக்குத் திரும்பும் நண்பர் கொடுத்துவிட்டுப் போன சைக்கிள் என்றால் அது இன்னும் அவர் பெயரில்தான் இருக்கும். அவரிடம் பழைய பதிவை நீக்கச் சொல்லி, உங்களுக்குக் கொடுத்ததாகக் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். அதையும் கணவரின் ரெசிடென்ஸ் கார்டையும் சைக்கிளையும் பதிவு செய்யும் கடைக்குக் கொண்டுபோனால் சில நூறு யென்னில் வேலை முடியும். குப்பை ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த சைக்கிளை எடுத்து ஓட்டுவது இன்னும் மோசம். அதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு, ‘யாரோ தூக்கிப் போட்டது’ என்ற பதில் எடுபடாது. உங்கள் சைக்கிள் யார் பெயரில் இருக்கிறது என்று கடிதத்தில் எழுதவில்லை. இன்று மாலையே அந்த ஸ்டிக்கரைப் பாருங்கள்.