திருடுபோன கேமராவைப் பத்திரப்பதிவு செய்ய முடியுமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் திருமணப் புகைப்படக்காரராக இருக்கிறேன். சேர்வராயன் மலையில் ஒரு ஜோடியைப் படமெடுக்கப் போனபோது, காரில் வைத்திருந்த பை திருடுபோய்விட்டது. அதில் ஒரு கேமராவும் இரண்டு லென்சுகளும் இருந்தன. கேமராவின் பில் என் மைத்துனர் பெயரில் இருக்கிறது. ஒரு லென்ஸ், சேலம் குகைப் பகுதியில் ஒருவரிடம் பில் இல்லாமல் பழையதாக வாங்கியது. புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கிடைத்தது. உரிமைக்கு ஆதாரம் கேட்கிறார்கள். வீட்டைப்போல இவற்றையும் என் பெயரில் பதிவு செய்துகொள்ளலாமா?

பதில்: அசையும் பொருளின்மீதான உரிமையை அறிவிக்கும் ஆவணத்தையும் விரும்பினால் பதிவு செய்யலாம் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 18-வது பிரிவில் இடமளிக்கிறது. ஆனால் திருட்டு நடந்தபின் நீங்களே எழுதிப் பதிவு செய்யும் ஆவணம், அந்தத் தேதியில் நீங்கள் அவ்வாறு சொன்னீர்கள் என்பதற்கு மேல் எதையும் நிரூபிக்காது. வண்டிக்கு ஆர்.சி. இருப்பதுபோல் கேமராவுக்கு அரசுப் பதிவேடு கிடையாது. தொலைந்த கைபேசியை ஐ.எம்.இ.ஐ. எண் மூலம் முடக்கும் சி.இ.ஐ.ஆர். தளமும் இதற்கு உதவாது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலைவதைவிட, பொருளின் வரிசை எண்ணை உங்களோடு இணைக்கும் சான்றுகளைத் திரட்டுவதே உங்களுக்குப் பயன்தரும்.

முதலில் வழக்குப் பதிவாக வேண்டும். சி.எஸ்.ஆர். என்பது புகார் பெறப்பட்டதற்கான ரசீது மட்டுமே. குற்றங்களை வரையறுக்கும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவின்படி, ஒருவரின் கைவசமிருந்து அவருடைய இசைவின்றி நேர்மையற்ற எண்ணத்தோடு பொருளை எடுப்பதே திருட்டு. ஆகவே பில் யார் பெயரில் இருந்தாலும், பை உங்கள் வசம் இருந்து போனது என்பதே வழக்குப் பதியப் போதுமானது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்கீழ் எஃப்.ஐ.ஆர். பதியக் கோருங்கள், அதன் நகலை இலவசமாகப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. மறுத்தால், புகாரை எழுத்து மூலமாகவும் தபாலிலும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அதன்பிறகும் பலனில்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் மனு செய்யலாம்.

அந்தப் புகாரில் 'கறுப்பு நிற கேமரா ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தால், நாளை பத்துக் கேமராக்கள் பிடிபட்டாலும் உங்களுடையது எது என்று யாராலும் சொல்ல முடியாது. கேமரா பாடிக்கு ஓர் எண்ணும் ஒவ்வொரு லென்சுக்கும் தனித்தனி எண்ணும் உண்டு. பெட்டியைத் தூக்கி எறிந்திருந்தாலும் கவலைப்பட வேண்டாம். பல கேமராக்கள் தாம் எடுக்கும் ஒவ்வொரு படக் கோப்பிலும் பாடியின் வரிசை எண்ணைப் பதித்துவிடுகின்றன. சிலவற்றில் லென்சின் எண்ணும் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் அது அழிந்துவிடும் என்பதால், உங்கள் ஹார்ட் டிஸ்கில் உள்ள அசல் ரா கோப்புகளைப் பாருங்கள். அவற்றைத் திருத்தவோ பெயர் மாற்றவோ வேண்டாம். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) குறிக்கப்படும். சர்வீஸ் சென்டர் ஜாப் கார்டு, உத்தரவாதப் பதிவுக்கு நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவற்றிலும் எண்கள் இருக்கக்கூடும். எஃப்.ஐ.ஆர். ஏற்கெனவே பதிவாகிவிட்டால் அதைத் திருத்த முடியாது. எண்களை விசாரணை அதிகாரியிடம் கூடுதல் வாக்குமூலமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை வாங்கிக்கொள்ளுங்கள்.

மைத்துனர் பெயரிலுள்ள பில் தடையல்ல. கேமராவை உங்களுக்காகத்தான் வாங்கினார் என்றும் தமக்கு அதில் உரிமை இல்லை என்றும் அவர் நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்கட்டும். பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போயிருந்தால் அந்தப் பக்கத்தையும் இணையுங்கள். பில் மங்கிப்போயிருந்தால் கடைக்காரரிடம் நகல் கேளுங்கள், ஜி.எஸ்.டி. பதிவுள்ள வணிகர் தம் கணக்குகளை, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். பழைய லென்சைப் பொறுத்தவரை, வாய்மொழி விற்பனையும் 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி செல்லும். விற்றவரின் வாக்குமூலமும், ஜிபே பணப் பரிமாற்றமும், அப்போது நடந்த வாட்ஸ்அப் உரையாடலும் சேர்ந்தால் அதுவே நல்ல சான்று.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: தெரிந்த கடைக்காரர் பழைய தேதியிட்டு பில் போட்டுத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். அது பொய் ஆவணம் புனையும் குற்றம். உண்மையான உங்கள் உரிமையையும் அந்தத் தாள் ஒன்றே கெடுத்துவிடும்.

கேமரா ஏதாவதொரு பழைய பொருள் கடையிலோ இணைய விளம்பரத்திலோ தென்பட்டால் நீங்களே பேரம் பேசவோ பிடுங்கவோ போகாமல், படம் பிடித்து விசாரணை அதிகாரிக்குத் தெரிவியுங்கள். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 106-வது பிரிவின்கீழ் அவர் கைப்பற்றலாம். தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று ஒருவர் சொன்னாலும், திருடனிடமிருந்து அவருக்கு உரிமை வராது என்பதே பொருள் விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவு கூறும் பொது விதி. கொடுத்த பணத்தை அவர் தமக்கு விற்றவரிடம்தான் கேட்க வேண்டும்.

கைப்பற்றிய பொருள் ஸ்டேஷனிலேயே வழக்கு முடியும்வரை கிடக்க வேண்டியதில்லை. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 497 அல்லது 503-வது பிரிவின்கீழ் இடைக்காலமாகத் திரும்பக் கோரி நடுவரிடம் மனு செய்யலாம். இத்தகைய பொருட்களைப் படமெடுத்து, பிணைமுறி பெற்று, தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. கேமரா உங்கள் பிழைப்புக்கான கருவி என்பதையும் அதைத் தொழிலில் பயன்படுத்த அனுமதி வேண்டும் என்பதையும் மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். பொருளை விற்கக் கூடாது, அழைக்கும்போது நீதிமன்றத்தில் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகள் வழக்கமாக விதிக்கப்படும். வழக்கு முடியும்வரை அவற்றை மீறாதீர்கள்.