ஓய்வு நாள் வீண் நாளா?

கேள்வி: ஆறு மாதங்களாக நாள் தவறாமல் எடைப் பயிற்சி செய்து வருகிறேன். தொடக்கத்தில் கூடிய வலிமை இப்போது குறைவதாகத் தோன்றுகிறது, உறக்கமும் சரியில்லை. ஒரு நாள் விட்டாலும் உழைப்பு வீணாகுமோ என்று அஞ்சி ஓய்வெடுக்கத் தயங்குகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் அச்சம் தேவையற்றது. கடும் பயிற்சியின்போது தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவற்றைச் சீர்செய்து, முன்பைவிட உறுதியான புரதங்களை உடல் கட்டியெழுப்பும் வேலை பயிற்சி முடிந்த பிறகு ஏறத்தாழ 24 முதல் 48 மணி நேரம் வரை நடைபெறுகிறது. அதற்குள் அதே தசைக்கு மீண்டும் பளு கொடுப்பது, ஈரம் காயாத சுவரின் மேல் அடுத்த வரிசைக் கல்லை அடுக்குவதற்கு ஒப்பாகும். தசைகளில் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைக்கோஜன் என்னும் எரிபொருள் பெருமளவு தீர்ந்துபோனால், அது மீண்டும் நிரம்பவும் போதிய உணவுடன் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்.

வலிமை குறைவதும் உறக்கம் கெடுவதும் மிகைப் பயிற்சியின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பை எண்ணிப் பாருங்கள்; வழக்கத்தைவிடச் சில நாள்கள் தொடர்ந்து கூடுதலாக இருந்தால் பளுவைக் குறைப்பதே முறை. ஒரே தசைத் தொகுதிக்கு 48 மணி நேர இடைவெளி விடுங்கள். வாரத்தில் ஓரிரு நாள்கள் மெல்லிய நடையோடு நிறுத்திக்கொள்ளலாம். வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த உறக்கத்தில்தான் மிகுதியாகச் சுரக்கிறது என்பதால், 7 மணி நேரத்துக்குக் குறையாமல் உறங்குவது, பலர் காசு கொட்டி வாங்கும் புரதப் பொடியைவிட முதன்மையானது என்பேன். இரண்டு வாரம் ஓய்ந்த பிறகும் சோர்வு நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு போன்றவையும் இதே களைப்பைத் தரும்.