திரை ஏன் மங்குகிறது? வாசகர் கேள்வி பதில்

‘நாலு வாரம் பொறுத்தால் ஓடிடியில் வந்துவிடும்’ என்று தியேட்டரை விட்ட வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்ன குறைகளையே இந்த முறை கேள்விகளாக எடுத்துக்கொண்டோம்.

எங்கள் ஊர் தியேட்டரில் இரவுக் காட்சி வந்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரிவதில்லை. அதே படம் டிவியில் பளிச்சென்று இருக்கிறது. கோளாறு படத்திலா, தியேட்டரிலா?
– வாசகர், தேனி

பெரும்பாலும் தியேட்டரில்தான். படம் ஏதும் இல்லாமல் வெறும் வெள்ளை ஒளியை விழவைத்து அளந்தால் திரையின் நடுவே 14 ஃபுட் லாம்பர்ட் (திரையிலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். டிஜிட்டல் சினிமாவுக்கு உலகம் முழுக்க இதுதான் அளவு. ஒளிப்பதிவாளர் உட்கார்ந்து நிறத்தை முடிவு செய்வதும் இந்த வெளிச்சத்தில்தான். உங்கள் ஊரில் அது 7 ஆக இறங்கியிருந்தால் பகல் காட்சிகள் ஒருவாறு தப்பித்துவிடும். நிலா வெளிச்சத்தில் எடுத்தது மொத்தமும் கறுப்பாகிவிடும்.

முதல் காரணம் லேம்ப். புரொஜெக்டருக்குள் இருக்கும் செனான் வாயு லேம்ப் எரிய எரிய அதன் குமிழுக்குள் கறுப்பு படிந்து ஒளி குறையும். உத்தரவாத நேரம் முடிந்த பிறகும் ‘எரியுதே’ என்று ஓட்டுகிறவர்கள் உண்டு. உள்ளே வாயு அதிக அழுத்தத்தில் இருப்பதால் பழைய லேம்ப் வெடித்தால் ஒளியைக் குவிக்கும் ரிஃப்ளெக்டர் கண்ணாடியும் போய்விடும். லேம்பில் மிச்சம் பிடித்ததைவிட அந்தச் செலவு அதிகம்.

இரண்டாவது, சில்வர் ஸ்கிரீன். 3டி படங்களுக்காகப் பல தியேட்டர்களில் மாட்டியது இது. ஒளியை நேராகத் திருப்பி அடிக்கும் குணம் இதற்கு உண்டு. அதனால் 2டி படம் ஓடும்போது நடுவில் ஒரு பளபளப்பும் ஓரங்களில் இருட்டும் தெரியும். பக்கவாட்டு சீட்டில் இருப்பவருக்கு இன்னும் மோசம். மூன்றாவது சின்ன விஷயம்: புரொஜெக்டர் ரூம் ஜன்னல் கண்ணாடியில் படிந்த தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும். மெல்லிய துணியும் அரை மணி நேரமும் போதும்.

புரொஜெக்டரின் சக்தி திரைக்குப் போதுமா என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 40 அடி அகலத்தில் ஸ்கோப் (அகலத் திரை) படம் ஓட்டினால் உயரம் ஏறக்குறைய 16¾ அடி, பரப்பு 670 சதுர அடி. அதை 14ஆல் பெருக்கினால் சாதாரண வெள்ளைத் திரையில் விழ வேண்டிய ஒளி சுமார் 9,400 லூமென் (மொத்த ஒளியை அளக்கும் அலகு). ஆனால் ஸ்கோப் படம் புரொஜெக்டருக்குள் படத்தை உருவாக்கும் சிப்பின் முழு உயரத்தையும் பயன்படுத்தாது, ஐந்தில் ஒரு பங்கு ஒளி அங்கேயே வீணாகிவிடும். ஜன்னல் கண்ணாடியும் கொஞ்சம் தின்னும். ஆக 13,000 லூமென் பக்கம் வேண்டும், அதுவும் லேம்ப் பழசான நாளிலும் கிடைக்க வேண்டும்.

புகார் சொல்வதானால் படம் ஆரம்பித்த பத்து நிமிடத்துக்குள் எழுந்து போய்ச் சொல்லுங்கள். ‘படம் சரியில்ல’ என்றால் யாருக்கும் புரியாது. ‘நடுவில் வெளிச்சம், இடது ஓரம் இருட்டு’ என்று சொன்னால் ஆபரேட்டருக்கு எங்கே கை வைப்பது என்று தெரியும்.

பாட்டும் சண்டையும் காதைப் பிளக்கின்றன, வசனம் மட்டும் புரிவதில்லை. வயதாகிவிட்டதா எனக்கு?
– வாசகி, திருநெல்வேலி

காதைக் குறை சொல்லாதீர்கள், அம்மா. வசனம் ஏறக்குறைய முழுவதும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அதில் கீச்சு ஒலிகளை எழுப்பும் பாகமான டிரைவரின் மெல்லிய தகடு கிழிந்தால் பேச்சுக் கேட்கும், சொல் பிரியாது. அடுத்த முறை ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ ஒலிகளைக் கவனியுங்கள். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தால் டிரைவர் போயிருக்கும். இல்லையென்றால் திரையின் நுண்துளைகள் தூசியால் அடைத்திருக்கும். அந்தத் துளைகள் வழியாகத்தான் ஒலி உங்களிடம் வர வேண்டும்.

‘ச’கரம் தெளிவாக இருந்தும் சொற்கள் ஒன்றோடொன்று குழைந்தால் குற்றம் சுவரில். கூட்டம் வருமுன் ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். ‘டப்’ என்று நிற்காமல் வால் நீண்டால் சுவரின் ஒலி உறிஞ்சும் பலகைகள் பெயர்ந்திருக்கின்றன என்று பொருள். ஆள் குறைந்த காட்சியில் இது அதிகமாகத் தெரியும், ஏனென்றால் மனித உடலும் ஒலியை உறிஞ்சும்.

சத்தத்தின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒலிக்கலவை செய்பவர் வேலை பார்ப்பது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் 7இல் இருக்கும்போது. சத்தம் அதிகம் என்று யாராவது சொன்னதும் தியேட்டரில் 5க்கு இறக்குவார்கள். தியேட்டர் ஒலியைக் கட்டுப்படுத்தும் டால்பி பெட்டியில் அந்த இரண்டு படி சுமார் 6.7 டெசிபல். சண்டை தாங்கும், கிசுகிசுப்பு ஏசி இரைச்சலில் மூழ்கிவிடும். நடு ஸ்பீக்கரைச் சரிசெய்யாமல் ஃபேடரை மட்டும் ஏற்றி இறக்குவது வீண் வேலை.

எந்த சீட் நல்லது?
– வாசகர், புதுச்சேரி

திரையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில், நடுவில். 40 அடித் திரைக்கு 60 அடி. பொதுவாக அரங்கின் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில் இருக்கும் வரிசை. ஒலியை அளந்து சரிசெய்வதும் அந்த இடத்தை வைத்துத்தான். கடைசி வரிசைக்கு ஏன் இவ்வளவு போட்டி என்பதுதான் புரியவில்லை.

சின்ன ஊரில் 400 சீட் தியேட்டர் நடத்துகிறோம். சாய்வு சீட் போட்டால் குடும்பங்கள் திரும்பி வருமா? பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது.
– தியேட்டர் உரிமையாளர், விருதுநகர் மாவட்டம்

சாய்வு சீட் வேண்டாம், இப்போது வேண்டாம். சோபா வீட்டிலேயே இருக்கிறது. முதலில் லேம்பும் நடு ஸ்பீக்கரும். அவை சரியாக இருந்தால் பெண்கள் கழிப்பறை.

கணக்கைப் பாருங்கள். இடைவேளை 15 நிமிடம். ஒருவருக்கு 2 நிமிடம் என்றால் ஓர் அறையில் 7 பேர் போய்வரலாம். நிறைந்த காட்சியில் 150 பெண்கள் இருந்து மூன்றில் ஒருவர் எழுந்தாலும் 50 பேர், அதாவது 7 அல்லது 8 அறைகள். உங்களிடம் மூன்று இருந்தால் பாதிப் பேர் இரண்டாம் பாதியின் தொடக்கத்தை வரிசையில் நின்றே இழப்பார்கள். தாழ்ப்பாள், தண்ணீர், விளக்கு, மூடியுள்ள குப்பைத்தொட்டி நான்கும் ஒவ்வோர் அறையிலும் வேண்டும். அம்மா வர மறுத்தால் வீட்டில் நான்கு டிக்கெட் போகிறது.

விலையிலும் ஒரு வழி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. வார நாள் மேட்னியை 100க்குள் வைத்தால் அந்த வித்தியாசம் பார்வையாளருக்குப் போய்ச்சேரும்.

தண்ணீர் பாட்டிலைக்கூட வாசலில் பிடுங்குகிறார்கள். இது சரியா?
– வாசகர், சேலம்

வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் அளவாகக் கொண்டுவருவதைத் தடுக்கக் கூடாது என்பதும் உண்டு. பாட்டிலை வாங்கி வைத்தால், ‘குடிநீர் எந்தப் பக்கம்?’ என்று அங்கேயே கேளுங்கள்; உள்ளே நுழையுமுன் போய்ப் பார்த்துவிடுங்கள்.