பைனாகுலரில் வெஸ்டா சிறுகோள் தெரியுமா? தெரிந்தாலும் வெறும் புள்ளிதானே?

தெரியும். புள்ளிதான், யார் இல்லை என்றது? ஆனால் இது நகர்கிற புள்ளி.

புதிதாக பைனாகுலர் வாங்கி, நிலாவையும் வியாழனையும் பார்த்து முடித்து, அடுத்து என்ன என்று நிற்கிறீர்கள் போல. அப்படியானால் வெஸ்டாதான் சரி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் பாறைத் துண்டுகள் சூரியனைச் சுற்றும் சிறுகோள் பட்டையின் உட்பக்கமாகச் சுற்றுகிறது. குறுக்களவு சுமார் 525 கி.மீ. அதே பட்டையில் இருக்கும் சீரிஸ் இதைவிடப் பெரியது, ஆனால் தொலைவும் அதிகம், மேற்பரப்பும் கறுப்பு. வெஸ்டா தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 40 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். சூரியனுக்கு நேரெதிரே அது வரும் காலத்தில், பூமிக்கு நன்றாக நெருங்கியும் இருந்தால், இருட்டான இடத்தில் வெறும் கண்ணுக்கே தட்டுப்படும்.

நான் பார்த்தது சாதாரண 10×50 பைனாகுலரில். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள், மாடிச் சுவரில் முழங்கை. நோட்டில் ஒரு வட்டம் போட்டு, தெரிந்த நட்சத்திரங்களை எல்லாம் பென்சிலால் குத்தி வைத்தேன். அதில் எது வெஸ்டா என்று அன்று பார்த்துக்கொள்ளவில்லை, வேண்டுமென்றேதான். மறுநாள் மேகம். அதற்கடுத்த இரவு மற்றதெல்லாம் வைத்த இடத்தில் இருக்க, ஒன்று மட்டும் நிலாவின் அகலத்துக்குத் தள்ளிப் போயிருந்தது. கீழே போய் எல்லாரையும் எழுப்பினேன். யாரும் வரவில்லை, அது வேறு விஷயம். 1807-இல் இதைக் கண்டுபிடித்த ஜெர்மானிய மருத்துவர் ஓல்பர்ஸுக்கும் கிடைத்தது புள்ளிதான் ஐயா.

"போனில் ஆப் இருக்கிறதே, அதுவே காட்டுமே" என்று கமெண்டில் வருவீர்கள். வானத்தில் எந்தப் பக்கம் தேடுவது என்று நானும் ஆப்பில்தான் பார்த்தேன். அதற்குமேல் அது காட்டுவதைப் பார்ப்பதென்றால் மாடி ஏற வேண்டிய அவசியமே இல்லையே.

அப்புறம் இந்தத் தொலைநோக்கிப் பெட்டிகள். 2011 ஜூலையிலிருந்து 2012 செப்டம்பர் வரை நாசாவின் டான் விண்கலம் பக்கத்திலேயே சுற்றி எடுத்த படங்களில் வெஸ்டாவின் தென்துருவப் பள்ளம் தெளிவாகத் தெரியும். சுமார் 500 கி.மீ. அகலம், அந்தப் பள்ளத்தை உண்டாக்கிய மோதலில் சிதறிய துண்டுகள் பூமியில் விண்கற்களாகக் கிடைக்கின்றன என்கிறார்கள். பார்க்கப் பிரமாதம்தான். அதற்காக அந்த மாதிரிப் படங்களைப் பெட்டிமேல் அச்சடித்து விற்கலாமா? தெரிந்த பையன் ஒருவன் அதை நம்பித் தொலைநோக்கி வாங்கி, இப்போது அது பரணில் கிடக்கிறது. வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை, விற்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

அதைவிடப் பெரிய தொல்லை பக்கத்து வீட்டு மொட்டைமாடி ஃபோகஸ் லைட். விடிய விடிய எரியும். கேட்டால் திருட்டுப் பயமாம். வெஸ்டாவை நான் பார்த்ததே அவர்கள் ஊருக்குப் போயிருந்த வாரத்தில்தான்.