ஜனாதிபதி நினைத்தால் பாராளுமன்றத்தைக் கலைக்கலாமா?

கேள்வி: மகள் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறாள். இலங்கை ஜனாதிபதி எவ்வளவு காலத்துக்குப் பிறகு பாராளுமன்றத்தைக் கலைக்கலாம் என்பதற்கு ஒரு குறிப்பில் ஓராண்டு, இன்னொன்றில் நான்கரை ஆண்டு, வேறொன்றில் இரண்டரை ஆண்டு என்று இருக்கிறது. எதைப் படிக்கச் சொல்வது?

பதில்: மூன்றும் சரிதான். ஒவ்வொன்றும் ஒரு காலத்துச் சட்டம். இன்றைக்குச் செல்லுபடியாவது இரண்டரை ஆண்டு. ஆனால் மகளை மூன்றையும் படிக்கச் சொல்லுங்கள். ஜனாதிபதியின் கை ஓங்கியதும் தாழ்ந்ததும் அந்த எண்ணிலேயே தெரியும்.

1978 அரசியலமைப்பில் ஜே. ஆர். ஜெயவர்தன நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தபோது, தேர்தல் முடிந்து ஓராண்டு கழிந்தாலே கலைக்கலாம் என்றிருந்தது. எப்போது வீட்டுக்கு அனுப்பப்படுவோம் என்று தெரியாத உறுப்பினர் ஜனாதிபதியை எதிர்த்து எவ்வளவு தூரம் பேசுவார்? 2010இல் வந்த 18ஆவது திருத்தம், இரண்டு தடவை ஜனாதிபதியாகத் தெரிவானவர் மீண்டும் போட்டியிட முடியாது என்ற தடையையும் எடுத்துவிட்டது.

2015இல் 19ஆவது திருத்தம் அந்தத் தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. கலைப்பதற்கான காலத்தையும் நான்கரை ஆண்டாக்கியது. அதற்கு முன் கலைக்க வேண்டுமானால், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்க வேண்டும்.

இது தாளில் மட்டும் இருந்த பாதுகாப்பல்ல. 2018 நவம்பர் 9ஆம் திகதி, பாராளுமன்றத்தைக் கலைத்து ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வர்த்தமானி வெளியிட்டார். அந்தப் பாராளுமன்றம் முதன்முதலில் கூடியது 2015 செப்டெம்பரில்; நான்கரை ஆண்டு ஆகவில்லை. உறுப்புரை 33(2)(இ) கலைக்கும் அதிகாரத்தைத் தனியாகவே தருகிறது என்று அரச தரப்பு வாதாடியது. காலவரம்பு சொல்லும் 70(1)ஐ மீறி அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது என்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் டிசெம்பர் 13ஆம் திகதி ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். வர்த்தமானி செல்லாமல் போனது. மகள் இந்த வழக்கைக் கட்டாயம் படிக்க வேண்டும். இரண்டு உறுப்புரைகளையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் அதிகாரச் சமநிலை என்றால் என்னவென்று தெளிவாகப் புரியும்.

அப்புறம் 2020இல் 20ஆவது திருத்தம் காலத்தை இரண்டரை ஆண்டாகக் குறைத்தது. 2022இல் வந்த 21ஆவது திருத்தம், உயர் பதவி நியமனங்களில் ஜனாதிபதியைக் கட்டுப்படுத்தும் அரசியலமைப்புப் பேரவையை மீட்டது. இந்த எண்ணை மட்டும் நான்கரைக்குத் திருப்பவில்லை. இது பெரிய குறை என்பதே என் கருத்து.

கணக்கிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரண்டரை ஆண்டு என்பது தேர்தல் நாளிலிருந்து அல்ல, பாராளுமன்றம் முதன்முதலில் கூடிய நாளிலிருந்து. அநுர குமார திசாநாயக்க 2024 செப்டெம்பர் 23இல் பதவியேற்று மறுநாளே கலைத்தார். அந்தப் பாராளுமன்றம் 2020 ஓகஸ்டில் கூடியது என்பதால் தடை இருக்கவில்லை. இப்போதைய பாராளுமன்றம் கூடியது 2024 நவம்பர் 21இல். ஆகவே சபையே தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டாலொழிய, 2027 மே 21க்கு முன் அவரால் கலைக்க முடியாது.

ஆனால் இந்தச் சபையில் 225 ஆசனங்களில் 159 ஜனாதிபதியின் கட்சிக்கே. சர்வசன வாக்கெடுப்புத் தேவைப்படாத திருத்தங்களுக்கு 150 போதும். முன்பு இந்த எண்ணை மாற்றியதும் அப்படியான பெரும்பான்மைதான். அதனால் பரீட்சையில் விடை எழுதும்போது எத்தனை ஆண்டு என்பதோடு எத்தனையாவது திருத்தம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.