கைக்குழந்தையோடு காரில் 10 மணி நேரம் போய்ச் சொந்தக்காரர்களைப் பார்த்துவர முடியுமா?

கேட்டவருக்கு ஐந்து மாதக் குழந்தை. போனில் வழி போட்டுப் பார்த்தால் 10 மணி நேரம் காட்டுகிறதாம். அந்தப் பக்கம் தாத்தா, பாட்டி, பெரியப்பா, அத்தை என்று ஒரு பட்டாளமே காத்திருக்கிறது. குழந்தை தாங்குமா, வழியில் அழுதால் என்ன செய்வது, போய் இறங்கியதும் ஆளாளுக்குத் தூக்கினால் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் போகலாம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நாங்கள் இப்படிப் போய் வந்திருக்கிறோம், மகன் பிறந்த பிறகும் போனோம். என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தில் குழந்தையைவிடப் பெரிய தொந்தரவு கடிகாரம்தான். "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம்" என்று அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அப்புறம் வழி முழுக்க அந்த வார்த்தைதான் வண்டியை ஓட்டும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த மாட்டோம். "தூங்குது, இப்ப நிறுத்தினா முழிச்சுக்கும்" என்று இன்னும் ஒரு மணி நேரம் இழுப்போம். ஓடுகிற வண்டியிலேயே குழந்தையை மடிக்கு எடுத்துப் பால் கொடுக்கத் தோன்றும். கீழே நான் சொல்லப்போகும் ஆபத்துகளில் பெரும்பாலானவை அவசரத்தில் வருபவை. அதனால் கிளம்பும் நாளை மட்டும் சொல்லுங்கள். சேரும் நேரத்தைக் கேட்டால், "ராத்திரிக்குள்ள வந்துடுவோம், எங்களுக்காகச் சாப்பிடாம காத்திருக்காதீங்க" என்று முடித்துக்கொள்ளுங்கள். "எங்க வந்துட்டீங்க?" என்று அரை மணிக்கு ஒரு போன் வரும். வீட்டில் போன் பழகிய யாராவது ஒருவருக்கு உங்கள் லொகேஷனைப் பகிர்ந்துவிட்டால், மற்றவர்களுக்கு அவரே பதில் சொல்லிக்கொள்வார்.

உண்மையான கணக்கு இது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் குறைந்தது அரை மணி, சில சமயம் முக்கால் மணி ஆகும். 10 மணி நேரப் பயணம் இப்படியே 13 மணி நேரமாகிவிடும். வழியில் ஓர் இரவு தங்க வசதி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இரண்டு நாளாகப் பிரித்துவிடுங்கள்.

இரண்டு மணி நேரம் என்பது ஏதோ சாங்கியம் இல்லை. கைக்குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்தில் இன்னும் போதிய வலு இல்லை. சாய்ந்து உட்கார்ந்த நிலையிலேயே வெகுநேரம் இருந்தால் தலை முன்னால் சரிந்து மோவாய் நெஞ்சில் முட்டும். அந்த மெல்லிய மூச்சுக்குழாய் நெருக்கப்படும். இதில் பயம் என்னவென்றால், குழந்தை அழாது, சத்தமே வராது, பார்ப்பவருக்கு நிம்மதியாகத் தூங்குவது போலத்தான் தெரியும். அதனால் தூங்கினாலும் சரி, இரண்டு மணி நேரத்தில் வெளியே எடுத்துச் சமதளத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கொஞ்ச நேரம் கை காலை உதைக்க விடுங்கள். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இந்த இரண்டு மணி நேரமும் அதிகம், ஒரே மூச்சில் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் நெடும்பயணமே வேண்டாம். ஆக, ஓட்டுபவர் தவிர இன்னொரு பெரியவர் பின்சீட்டில் குழந்தைக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டும், அவர் தூங்கவும் கூடாது. எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் நான். ஓட்டுவதுதான் கஷ்டமான வேலை என்று என் கணவர் இன்னமும் நம்புகிறார்.

கார் சீட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சீட் வாங்குவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஐந்து மாதத்துக்குப் பின்பக்கம் பார்த்த சீட் மட்டும்தான். முன்னால் மோதும்போது தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் முதுகுப்பகுதி மொத்தமாகத் தாங்கும். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் உடம்பைப் பெல்ட் பிடித்துக்கொள்ள, அந்தப் பெரிய தலை மட்டும் முன்னே பாயும். கார் சீட்டுகளுக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 129, குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம் பார்த்தே வைக்கச் சொல்கிறது. சீட்டின் எடை, உயர அளவு இடம் கொடுத்தால் அதற்கப்புறமும் அப்படியே வைத்திருப்பது நல்லது. ஏர்பேக் இயங்குகிற முன்சீட்டில் இந்தச் சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரிந்தால் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால்தான் அடிக்கும்.

கிளம்பும் முன் இரண்டு சோதனை. பெல்ட் கோர்க்கும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக்கூடாது. அப்புறம் குழந்தையின் தோள்பட்டைமேல் வரும் வாரை விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ள வருகிறது என்றால் தொளதொள என்று இருக்கிறது, இன்னும் இறுக்க வேண்டும். குளிர் என்று தடித்த ஸ்வெட்டர் போட்டு அதன்மேல் வாரை மாட்டினால் வார் இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், மோதும்போது துணி அமுங்கி இடைவெளி வந்துவிடும். மெல்லிய உடையோடு கட்டிவிட்டு மேலே போர்வை போர்த்தினால் போதும். சீட்டோடு வராத கழுத்துத் தலையணை, குட்டி மெத்தை எதையும் உள்ளே செருகாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இப்போது மடி. அழுகை நிற்காதபோது, கூட வருகிற பெரியவர் யாராவது "தூக்கி மடில வெச்சுக்கோம்மா, நாங்கள்லாம் அப்படித்தான் வளர்த்தோம்" என்று நிச்சயம் சொல்வார். அவர் அன்பில் குறையில்லை, கணக்கில்தான் குறை. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், 7 கிலோக் குழந்தை அந்தக் கணத்தில் கிட்டத்தட்ட 100 கிலோ மூட்டை போல முன்னே இழுக்கும். எந்தக் கையும் பிடித்துவைக்காது. பால் கொடுக்க வேண்டுமா, நிறுத்துங்கள். டயப்பர் மாற்ற வேண்டுமா, நிறுத்துங்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம்தான்" என்று மடிக்கு எடுப்பதும் கூடாது. நேரம் சொல்லாமல் கிளம்பியவர்களுக்கு இது சுலபம்.

பால் விஷயம். நேரடியாகத் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு மூட்டை முடிச்சு குறைவு, வழியில் நிறையத் தண்ணீர் குடித்தால் சரி. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள், எப்படியும் நிறுத்தத்தான் போகிறீர்கள். பிழிந்து எடுத்துப்போகும் பால், உறைந்த ஐஸ் பேக்கோடு கூலர் பையில் 24 மணி நேரம் இருக்கும். வெளியே, 25 டிகிரி வரையான வெப்பத்தில், 4 மணி நேரம். பவுடர் பால் என்றால் வீட்டிலேயே கரைத்து வரிசையாகப் பாட்டில் அடுக்கிப்போகாதீர்கள். கரைத்த பால் வெளியே 2 மணி நேரம்தான் தாங்கும், குழந்தை வாய்வைத்த பாட்டில் 1 மணி நேரத்தில் கீழே ஊற்ற வேண்டியதுதான். பவுடரை வேளைக்கு வேளை அளந்து தனித்தனி டப்பாவிலும், கொதிக்கவைத்த நீரைச் சூடு பிடிக்கும் பிளாஸ்கிலும் கொண்டுபோங்கள். பவுடர் முழுக்கக் கிருமி நீக்கியது அல்ல, அதனால் 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கரைத்து, பாட்டிலைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆறவிட்டு, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வெயிலாக இருக்கிறதே என்று ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெறும் தண்ணீர் கொடுக்காதீர்கள். தாகத்துக்கும் பால்தான். குடித்தவுடன் சீட்டில் வைத்து வாரை இழுத்தால் வயிறு அழுந்தி அவ்வளவும் வெளியே வரும். ஏப்பம் விடவைத்துத் தோளில் கொஞ்ச நேரம் போட்டிருந்துவிட்டுக் கட்டுங்கள். குழந்தைக்கு மாற்றுத்துணி எல்லோரும் எடுத்துப்போவார்கள். உங்களுக்கும் ஒரு செட் கைக்கெட்டும் பையில் வையுங்கள், ஏன் என்று முதல் நிறுத்தத்திலேயே தெரிந்துவிடும்.

இரவில் ஓட்டினால் குழந்தை தூங்கிக்கொண்டே வரும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. குழந்தை தூங்கும், சரி. ஓட்டுபவர்? ஐந்து மாதமாகச் சேர்ந்தாற்போல் தூங்காத ஒருவர், உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சும் பின்னிரவில் சக்கரத்தைப் பிடிப்பது சரியில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து விடியற்காலையில் கிளம்புங்கள். குழந்தையின் காலைத் தூக்கமும் வண்டியில் ஓடிவிடும், வெயில் ஏறுவதற்குள் கணிசமான தூரமும் போய்விடும். வெயில் வந்ததும் குழந்தை பக்கத்து ஜன்னலுக்கு மறைப்புத் திரை போடுங்கள். சீட்டின் மேலேயே துணியைப் போர்த்தி மூடாதீர்கள், உள்ளே காற்று நின்று சூடு ஏறிவிடும். நிறுத்திய வண்டியில் ஒரு நிமிடம்கூடக் குழந்தையைத் தனியாக விடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறக்கூடியது, குழந்தை உடம்போ பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும்.

அழுகைக்கு வருகிறேன். பசி, ஈரம், சூடு, வார் எங்காவது அழுத்துவது, வயிற்றில் காற்று, கண்ணில் வெயில், இவற்றைப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் காரணம் சிக்கிவிடும். எதுவும் இல்லாமலும் அழும், உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய். பக்கத்தில் இருப்பவர் குழந்தையின் மார்பில் கைவைத்து, தாழ்ந்த குரலில் ஒரே மாதிரி ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே வந்தால் சில சமயம் அடங்கும். அடங்கவில்லை என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி இறங்கி நடங்கள். குழந்தைக்காக மட்டும் இல்லை, வீறிட்ட அழுகையைக் கேட்டுக்கொண்டே ஓட்டுபவரின் கவனம் சாலையில் இருக்காது என்பதற்காகவும்தான்.

போய்ச் சேர்ந்த பிறகுதான், என் அனுபவத்தில், நிஜமான சோதனை. வாசலிலேயே பத்துக் கைகள் நீளும். நாள் முழுக்க ஆடி வந்த குழந்தைக்கு அப்போது வேண்டியது பால், சுத்தமான துணி, சத்தமில்லாத ஓர் அறை. முதல் அரை மணி நேரம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கைமாறட்டும். வேற்றுமுகம் பார்ப்பது எட்டு மாத வாக்கில்தான் வலுக்கும், ஐந்து மாதக் குழந்தை அநேகமாக எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே போகும். அதனாலேயே களைப்பு வெளியே தெரியாது.

சில விஷயங்களைக் கிளம்புவதற்கு முன்பே போனில் பேசிவிட வேண்டும். கை கழுவிவிட்டுத் தூக்குவது, சளி இருமல் உள்ளவர்கள் தள்ளி நிற்பது, முகத்தில் முத்தம் வேண்டாம் என்பது. உதட்டுக் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் பெரியவர்களுக்குச் சின்னத் தொந்தரவு, பிறந்த குழந்தைக்கு உயிராபத்து. கக்குவான் இருமல் தடுப்பூசியைப் பெரியவர்கள் போட்டு நாளாகியிருந்தால், குழந்தையைப் பார்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு ஊசி போட்டுக்கொள்வது நல்லது. இதையெல்லாம் யார் சொல்வது என்பதில்தான் வீட்டுச் சண்டை ஆரம்பிக்கும். உங்கள் பக்கத்துச் சொந்தத்திடம் நீங்கள் சொல்லுங்கள், உங்கள் துணையின் பக்கத்துக்கு அவர் சொல்லட்டும். "டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்" என்று பழியை அவர்மேல் போடுங்கள், அதற்குத்தானே இருக்கிறார்.

படுக்கையையும் முன்பே கேட்டுவையுங்கள். உறுதியான சமதளம், மல்லாந்த நிலை, பக்கத்தில் தலையணை பொம்மை எதுவும் இல்லாமல். வண்டியில் தூங்கிவிட்டது என்று கார் சீட்டோடு வீட்டுக்குள் தூக்கிப்போய் அப்படியே இரவு முழுக்க விட்டுவிடக்கூடாது. சோபாவில் யார் மார்பிலாவது தூங்கவைப்பதும் வேண்டாம், அவரும் சேர்ந்து தூங்கிப்போவார். தெர்மாமீட்டர் ஒன்று பையில் இருக்கட்டும், அங்கே பக்கத்தில் குழந்தைகள் மருத்துவமனை எது என்று தெரிந்துவைத்திருங்கள். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தை இருந்தால், 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

திரும்பும் பயணத்துக்கும் இதே கணக்குதான், ஆனால் அதில் எல்லோரும் நேரத்தை இறுக்கிப்பிடிப்பார்கள். மறுநாள் காலை வேலைக்குப் போகவேண்டிய நிலையில் கிளம்பாதீர்கள், நடுவில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். கிளம்பும்போது ஆளுக்கொரு பையாகக் கொண்டுவந்து திணிப்பார்கள். அதைப் பின்சீட்டில் குழந்தைக்குப் பக்கத்திலோ பின்கண்ணாடி ஓரத்திலோ அடுக்காதீர்கள், திடீர் பிரேக்கில் எல்லாம் பறக்கும். டிக்கியில் இடம் இல்லையென்றால் மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். பாட்டி கோபித்துக்கொள்வார், கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் அவரே உங்கள் வீட்டுக்கு வந்தும் சேருவார்.