டிசைனர் படம் போனில், எட்டாயிரம் ரூபாய் கையில்: தீபாவளிக்கு என்ன உடுத்தலாம்?

கேள்வி: எனக்கு வயது 36. திருச்சியில் வங்கியில் வேலை. சப்யசாச்சி, ரா மேங்கோ, மனிஷ் மல்ஹோத்ரா என்று பெரிய டிசைனர்களின் படங்களைப் போனில் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அதே மாதிரி ஒன்றைத் தேடி வாங்குகிறேன். உடுத்திப் பார்த்தால் யாருடைய துணியையோ இரவல் வாங்கியதுபோல இருக்கிறது. நான் குள்ளம், மாநிறம். பட்ஜெட் 8,000 ரூபாய். டிசைனர் உடைகளைப் பார்த்து எனக்கென்று ஒரு ஸ்டைலை உருவாக்கிக்கொள்ள முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் படத்தில் இருக்கும் உடையை அப்படியே தேடிப் போகும்வரை இந்த இரவல் உணர்வு போகாது. ஒரு நல்ல டிசைனர் உடைக்குப் பின்னால் பத்துப் பதினைந்து முடிவுகள் இருக்கும்: எந்த நிறத்தோடு எந்த நிறம், கை எவ்வளவு நீளம், கழுத்து எவ்வளவு இறக்கம், ஜரிகை எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கவே கூடாது. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து உங்கள் புடவையில் வையுங்கள். மற்றதெல்லாம் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். போனில் சேர்த்திருக்கும் படங்களில் ரொம்பப் பிடித்த பத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் முதலில் கண்ணில் பட்டது எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். “அழகாக இருக்கிறது” என்று எழுதினால் பயனில்லை. “முழங்கை வரை கை”, “ரோஸுக்குக் கிளிப்பச்சை”, “வேலைப்பாடே இல்லாத ஜாக்கெட்”, “கொண்டையில் பூ” என்று பொருளாகக் குறிக்க வேண்டும். பத்துப் படத்தில் நான்கைந்தில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும். உங்கள் ரசனை அங்கேதான் இருக்கிறது. டிசைனர் யார் என்பது அதற்கப்புறம்தான்.

நீங்கள் சொன்ன மூன்று பேரையே எடுத்துக்கொள்வோம். ரா மேங்கோ, சஞ்சய் கர்க் 2008-ல் தொடங்கிய நிறுவனம். மத்தியப் பிரதேசத்துச் சந்தேரி நெசவில்தான் முதலில் பேர் வாங்கியது. அந்தப் புடவைகளை உற்றுப் பாருங்கள்: ஒரே நிறத்தில் உடல், சின்னச் சின்னப் பூவாக நெய்த புட்டா, அதற்கு எதிர் நிறத்தில் அலங்காரமே இல்லாத ஜாக்கெட். பார்ப்பவர் கண்ணை இழுப்பது அந்த நிறச் சேர்க்கைதான். அதை எடுத்துக்கொள்ள ஒரு பைசா செலவில்லை. நமக்கு அது புதிதும் இல்லை. மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு, மயில்கழுத்துக்கு ரோஸ் என்று காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் கோர்த்து நெய்யும் கோர்வை நெசவு காலங்காலமாக இருக்கிறது. கரைக்கென்று தனி நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் தறிக்கருவி) ஓட வேண்டும் என்பதால், தறியில் நெய்பவரோடு இன்னொருவரும் உட்கார்ந்து செய்த வேலை அது. ரா மேங்கோ படம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால், அம்மாவின் பீரோவில் இருக்கும் பழைய கோர்வைப் பட்டும் உங்களுக்குப் பிடிக்கும்.

சப்யசாச்சி கொல்கத்தாக்காரர். கனமான வெல்வெட், முழுக்கை, இடுப்பில் பெல்ட், கழுத்து நிறைய நகை எல்லாம் டிசம்பர் மாதத்து ராஜஸ்தான் அரண்மனைக் கல்யாணத்துக்குப் பொருந்தும். ஐப்பசி மழைப் புழுக்கத்தில் திருச்சியில் வெல்வெட் ஜாக்கெட் போட்டால் காலைப் பலகாரம் முடிவதற்குள் கழற்றத் தோன்றும். அவரிடமிருந்து நடுவகிடும் தாழ்ந்த கொண்டையும் பூவும் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ஜாக்கெட்டின் நீளமான கையை. இரண்டில் ஒன்று போதும். மனிஷ் மல்ஹோத்ராவின் அடையாளம் மினுமினுப்பு. அதை ஒரே ஓர் இடத்தில் வையுங்கள், கைப்பட்டியிலோ சுருக்குப் பையிலோ. சீக்வின்ஸ் புடவை வேண்டுமென்றால் மாலை விருந்துக்கு உடுத்துங்கள். பட்டாசு வெடிக்கும் நேரத்தில் ஜார்ஜெட், நெட், பாலியஸ்டர் ஆர்கன்சா எதுவும் உடம்பில் இருக்கவே கூடாது. அவை நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வாசலுக்குப் போகும்போது பருத்தி உடுத்துங்கள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகளுக்கும் இதேதான்.

டிசைனர் பேருக்கு நாம் தரும் மதிப்பில் ஒரு பகுதி தறிக்குப் போக வேண்டியது. 2018 நவம்பரில் இத்தாலியில் நடந்த தீபிகா படுகோன் கல்யாணத்தில், கொங்கணி முறைச் சடங்குக்கு அவர் உடுத்திய பட்டுப்புடவை நாடு முழுக்கப் பேசப்பட்டது. சப்யசாச்சி புடவை என்றே முதலில் செய்தி பரவியது. பிறகு அவரது நிறுவனமே விளக்கம் தந்தது: புடவை தீபிகாவின் அம்மா கொடுத்தது, வாங்கியது பெங்களூருவின் ‘அங்கடி கேலரியா’ கடையில். அன்றைக்கு சப்யசாச்சி தரப்பு செய்தது அலங்காரம், அதாவது ஸ்டைலிங். உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அம்மா தந்த புடவையைப் பெரிய டிசைனரின் கண்ணோடு உடுத்தினார் அவர். நீங்களும் அதையே செய்யலாம்.

நம் ஊரில் தனக்கென்று ஸ்டைல் வைத்திருந்தவர்கள் எல்லோருமே இப்படி ஒன்றிரண்டு விஷயங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்கள்தான். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் நெய்துகொடுத்த நீலம், இன்றும் புடவைக் கடையில் ‘எம்.எஸ். ப்ளூ’ என்று கேட்டாலே எடுத்துப் போடுகிறார்கள். 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, மறைந்துகொண்டிருந்த பழைய கரை வடிவங்களை அங்கேயே தறி போட்டு நெய்யவைத்தார். அகலமான கோபுரக் கரையைப் பார்த்தவுடன் கலாக்ஷேத்ரா புடவை என்று சொல்கிறோம். ஒரு நிறம், ஒரு கரை. வருடக்கணக்காக விடாமல் உடுத்தினால் அது உங்கள் அடையாளமாகிவிடும்.

நிறத்துக்கு வருவோம். மாநிறத்துக்கு இதுதான் எடுக்கும் என்று கடையில் யார் சொன்னாலும் அப்படியே ஏற்க வேண்டாம். கடை விளக்கில் எல்லாப் பட்டும் ஜொலிக்கும். துணியைக் கடை வாசல் வரை கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில் தாடைக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். முகம் முதலில் தெரிந்தால் அது உங்கள் நிறம். துணி முதலில் தெரிந்தால் மடித்துக் கொடுத்துவிடுங்கள். ராமர் பச்சை, அரக்கு, நாவல்பழ நிறம், கடுகு மஞ்சள் இவற்றைத் தயங்காமல் முயலுங்கள். டிசைனர் படங்களில் இப்போது கறுப்பும் தங்கமும் நிறைய வருகிறது. பண்டிகையன்று கறுப்பு வேண்டாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் அடர் நாவல்பழ நிறம் அதே கம்பீரத்தைத் தரும். தந்த நிறமும் சந்தன நிறமும் பிடித்திருந்தால் எடுங்கள், ஆனால் புதுத்துணிக்கு வைக்கும் மஞ்சளை உள்பக்கம் செருகும் முனையில் வைக்கச் சொல்லுங்கள். முந்தானையில் வைத்தால் கறை போகாது.

உயரம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஜாண் அகலக் கரை மட்டும் வேண்டாம். நான்கு அங்குலத்துக்குள் இருக்கட்டும். ஜாக்கெட் எதிர் நிறத்தில் இருந்தால் உடம்பு இரண்டாக வெட்டினாற்போலத் தெரியும், புடவையின் நிறத்திலோ அதற்கு நெருங்கியதிலோ இருந்தால் உயரம் கூடுதலாகத் தெரியும். உங்களுக்கு நிற மோதல்தான் பிடிக்கும் என்றால், அது கரையிலும் பைப்பிங்கிலும் வரட்டும்.

இனி ஜாக்கெட். என் கணக்கில் டிசைனர் உடைக்கும் சாதாரண உடைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. படத்தில் இருக்கும் ஜாக்கெட் அந்த ஒரு உடம்புக்கென்று அளந்து, போட்டுப் பார்த்து, பிரித்துத் திரும்பத் தைத்தது. தையல்காரரிடம் படத்தை மட்டும் நீட்டாதீர்கள். உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து, “அளவு இது, கை மட்டும் படத்தில் இருப்பதுபோல” என்று சொல்லுங்கள். முழங்கை வரை கை வைப்பதானால், கையை மடக்கியபடி முழங்கைச் சுற்றளவை எடுக்கச் சொல்ல வேண்டும். நீட்டிய கையில் எடுத்த அளவில் தைத்தால், பரிமாறக் கையை மடக்கும்போதே பிடிக்கும். லைனிங்குக்கு மெல்லிய பருத்தி வாங்கி, இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்த பிறகு கொடுங்கள். ஊறவைக்காத லைனிங் முதல் துவைப்பிலேயே சுருங்கி, மேல்துணியை இழுத்துக்கொண்டு அக்குளில் சுருக்கம் விழவைக்கும். தையலுக்கு உள்ளே ஓர் அங்குலமாவது துணி விடச் சொல்லுங்கள். பட்டில் ஒருமுறை ஊசி போன தடம் மறையாது. அதனால் முதலில் தளர்வாகத் தைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு இறுக்குவதுதான் சரி.

பணத்தைப் பிரிக்கும் விதத்தை மாற்றுங்கள். எட்டாயிரத்தையும் புடவைக்கே போட்டுவிட்டு ஜாக்கெட்டை அவசரத்தில் தைப்பதால்தான் பல தீபாவளிகள் ஏமாற்றமாகின்றன. வீட்டில் நல்ல பட்டு இருந்தால் அதை வெளியே எடுங்கள், இந்த வருடப் பணம் ஜாக்கெட்டுக்கும், ஃபால்ஸ், குஞ்சம், பாலீஷுக்கும் போகட்டும். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பட்டுக்கு ஆசைப்படாமல் நல்ல பருத்திப் பட்டோ கைத்தறிப் பருத்தியோ எடுங்கள். செட்டிநாட்டுக் கண்டாங்கிக் கட்டம், மதுரைச் சுங்குடி இரண்டுமே வேலைப்பாடில்லாத ஜாக்கெட்டோடு இன்றைய டிசைனர் மேடையில் நிற்கக் கூடியவை. 1935-லிருந்து இயங்கும் கோ-ஆப்டெக்ஸில் பண்டிகைக் காலத்தில் 30 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். டிசைனர் புடவையின் ‘காப்பி’ என்று பாலியஸ்டரில் அச்சடித்து விற்பதை மட்டும் வாங்க வேண்டாம். பூ வடிவம் அதேதான், ஆனால் துணி விழும் விதம் வராது, அந்த விழும் விதத்துக்குத்தான் படத்தில் மயங்கினீர்கள்.

கடைசியாக நாள் கணக்கு. தீபாவளி நெருங்கினால் தையல்காரர்கள் புது ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். ஒரு மாதம் முன்பே துணி அவர் கையில் இருக்க வேண்டும், ஆரி வேலை வேண்டுமென்றால் இன்னும் பதினைந்து நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். பண்டிகைக்கு ஒரு வாரம் முன் புடவை, ஜாக்கெட், செருப்பு, நகை எல்லாவற்றையும் போட்டு வீட்டில் அரைமணி நேரம் நடமாடுங்கள். எங்கே பிடிக்கிறது, எங்கே சரிகிறது என்று தெரிந்துவிடும், பிரித்துத் தைக்க நாளும் இருக்கும்.